ஓரம் மட்டும் மங்கல்

அவரா? அவரா பண்ணாரு? நல்லா கேட்டீங்க போங்க. இந்த இன்ஜின் கவர்ல உங்க மூஞ்சி தெரியுதுல்ல, மீசையில இருக்குற ரெண்டு நரைமுடி வரைக்கும் தெரியுதுல்ல, அதைப் பண்ணது எங்க வீட்டுக்காரர்னு நெனச்சு ஆஹா ஓஹோன்னீங்களே தம்பி, அவ்வளவையும் திருப்பி எடுத்துக்கோங்க. எடுத்து இந்தப் பக்கம் வைங்க. இதோ, இந்தக் கை பண்ணது. நகக்கண்ணுல பாருங்க, இன்னும் கறுப்பு போகல.

உட்காருங்க. அவரு சட்டை மாத்திக்கிட்டு வருவாரு, கொஞ்சம் நேரமாகும். அந்த ஸ்டூல் வேணாம், காலு ஆடும். இதுல உட்காருங்க.

என்ன, நம்பலையா? பைக்கு வாங்க வந்த இடத்துல ஒரு பொம்பளை இன்ஜினைப் பத்திப் பேசினா உங்களுக்கெல்லாம் ஒரு சிரிப்பு வந்துருது. பரவால்ல, சிரிங்க. போன மாசம் ஒருத்தர் வந்தாரு. வந்ததும் வராததுமா டயரை ஒரு உதை உதைச்சாரு. ஏங்க உதைக்கிறீங்கன்னு கேட்டேன். சும்மா, பார்க்கறதுக்குன்னாரு. காலால என்னத்தைப் பார்ப்பாரோ! வண்டி வித்துப்போச்சுன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

நான் என்ன வேலை பார்த்தேன்னு தெரியுமா? பல் லேப். இருபத்தாறு வருஷம். பல் டாக்டர் அச்சு எடுத்து அனுப்புவாரு. நாங்க அதுக்கு அளவா, பல்லு மேல மாட்டுற கேப்பை உலோகத்துல வார்த்து, தேய்ச்சு, பாலிஷ் போட்டு அனுப்புவோம். உங்க கடைவாயில ஒரு கேப் இருந்தா, அது என்னை மாதிரி ஒருத்தி ஜன்னலோரமா உட்கார்ந்து, மூக்குல துணி கட்டிக்கிட்டுத் தேய்ச்சதுதான். அதுல முடி அளவு கோடு இருந்தாலும் நாக்கு விடாது. குறை கண்டுபிடிக்கிறதுல எங்க மாமியாருக்கு அடுத்தபடியா நாக்குதான். அந்த நாக்கு கிட்ட இருபத்தாறு வருஷம் நல்ல பேரு வாங்கினவ நான். ஆனா இந்த வீட்டுல ஒரு இன்ஜின் கவரைத் தேய்க்க என்கிட்ட யோசனை கேட்கணும்னு எவனுக்காவது தோணுச்சா? ம்ஹூம்.

வண்டி ஒன்பது வருஷமா பின்னாடி தார்ப்பாய்க்கு அடியில கிடந்துச்சு. பொண்ணு கல்யாணத்துக்கு அப்புறம் அவரு தொடவே இல்லை. மழை வரும், தார்ப்பாய்ல தண்ணி நிக்கும், நான் ஒரு குச்சியால தட்டி விடுவேன், அவ்வளவுதான் அதுக்கு நடந்த பராமரிப்பு. போன வருஷம் திடீர்னு ஒரு நாள் காலையில பார்க்குறேன், தார்ப்பாய் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம், இவரு நடுவுல பனியனோட. என்னங்க இதுன்னேன். புதுசு மாதிரி ஆக்கப் போறேன்னாரு. இப்ப என்ன அவசரம்னேன். அவசரம்தான்னாரு.

பார்த்திருக்கணுமே அப்ப அதை. இந்த ரெண்டு பக்கக் கவரு, முன்னாடி ஃபோர்க் கால் ரெண்டும், சக்கரத்து நடுவுல இருக்குற ஹப், எல்லாம் அலுமினியம்தானே. அத்தனையும் சாம்பல் பூசின மாதிரி. அங்கங்க மஞ்சள். அங்கங்க வெள்ளைப் புழு ஊர்ந்து போன தடம் மாதிரி கோடு கோடா. அது ஏன்னு உங்களுக்குத் தெரியுமா? தெரியாதுல்ல. பழைய வண்டியில கம்பெனியிலேயே அலுமினியத்து மேல கண்ணுக்குத் தெரியாத மாதிரி ஒரு வார்னிஷ் அடிச்சு விட்டிருப்பாங்க. வருஷமானா அது மஞ்சளிக்கும். ஒரு கல்லு பட்டா அந்த இடத்துல விட்டுப் போகும். விட்ட இடத்து வழியா ஈரம் பூந்து, வார்னிஷுக்கு அடியிலேயே ஓடி அரிக்கும். அப்ப நீங்க மேல எதைப் போட்டுத் தேய்ச்சா என்ன? தேய்க்கிறது வார்னிஷைத்தானே, அலுமினியத்தை இல்லையே! மேல இருக்குறதை மொதல்ல உரிக்கணும். இவ்வளவுதான் விஷயம். இதை நான் பார்த்த மாத்திரத்துல சொல்லியிருப்பேன்.

கேட்டாத்தானே.

எனக்கு ஒரு கொழுந்தன் இருக்கான். எங்க வீட்டுக்காரருக்குத் தம்பி. மேதைன்னுதான் நான் பேரு வச்சிருக்கேன், அவனுக்குத் தெரியாது. போன்ல நாலு வீடியோ பார்த்துட்டு ஆபரேஷன் பண்ணக் கிளம்புற ரகம். வந்தான். ஒரு தடவை வண்டியைச் சுத்தி வந்தான், கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு. அண்ணே, இதுக்கு எதுக்குண்ணே இவ்வளவு மண்டையை உடைச்சுக்கிற, கக்கூஸ் கழுவுற ஆசிட் இருக்கான்னான். நான் அடுப்படியில இருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். வாயைத் திறக்கல. ஏன் திறக்கணும்? ஊத்தினாங்க. பால் பொங்குற மாதிரி நுரைச்சுக்கிட்டு வந்துச்சு. ரெண்டு பேரும் கைதட்டாத குறை. அழுக்கு கழலுதுண்ணே, பாருண்ணேங்கறான். அழுக்கா கழலுது? அலுமினியமே கழலுது! கழுவிப் பார்த்தா சுண்ணாம்பு அடிச்ச சுவரு மாதிரி வெளுத்து, நடுவுல கறுப்புத் திட்டு. மேதை என்ன சொன்னான் தெரியுமா? காய்ஞ்சா சரியாப் போயிடும்னான்.

காய்ஞ்சது. சரியாகல. மறுவாரம் வெள்ளி பெயிண்டு டப்பாவோட வந்தான். அடிச்சாங்க. ரெண்டு நாள் நல்லாத்தான் இருந்துச்சு, பொம்மைக் கடையில விக்கிற வண்டி மாதிரி. மூணாவது நாள் இன்ஜினை ஓட விட்டாங்க. சூடேறுச்சா, பெயிண்டு குமிழ் குமிழா எழும்பி வெடிச்சு, தெருவே நாறிப்போச்சு. எதிர்வீட்டு அம்மா வந்து, ஏதாவது எரியுதான்னு கேட்டாங்க. எங்க கொழுந்தனோட மூளைதான்னு சொன்னேன். அன்னைக்குப் போனவன் ஒரு மாசம் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கல.

அடுத்தாப்புல தெருமுனை மெக்கானிக். அவருக்குப் பேரு பொறுங்க. எதைக் கேட்டாலும் பொறுங்கம்பாரு, அதனால அந்தப் பேரு. அவரு டிரில் மெஷின்ல கம்பி பிரஷ்ஷை மாட்டிக்கிட்டு வந்து, பொறுங்க பொறுங்கன்னு சொல்லிக்கிட்டே வலது பக்கக் கவரைப் பிறாண்டு பிறாண்டுன்னு பிறாண்டிட்டாரு. பெயிண்டு போச்சு, வாஸ்தவம்தான். ஆனா நூறு பூனை சேர்ந்து சண்டை போட்ட மாதிரி வட்டம் வட்டமா கீறல். என்னங்க இதுன்னா, அம்மா இதுதான் இப்ப பேஷனு, பளபளப்பை எல்லாம் இப்ப யாரும் விரும்புறதில்லைன்னாரு. அடப்பாவி, கெடுத்து வச்சுட்டு அதுக்கு ஒரு பேரும் வைக்கிறான் பாருன்னு நெனச்சுக்கிட்டேன்.

அப்ப நான் எங்க வீட்டுக்காரருகிட்ட போயி சொன்னேன். ஏங்க, கொடுங்க இங்க, எனக்குத் தெரிஞ்ச வேலைதானே இதுன்னேன். நல்லபடியாத்தான் கேட்டேன். அதுக்கு அவரு, பொறுங்க பக்கத்துல நிக்கிறாரு, அவரு முன்னாடி சொல்றாரு, இது பல்லு விளக்குற வேலை இல்லைன்னு. பல்லு விளக்குற வேலையாம்! மெக்கானிக் வேற பல்லைக் காட்டுறாரு. சரிதான் போங்கன்னு வந்துட்டேன். அன்னையில இருந்து அந்த வண்டி இருக்குற பக்கம் உதவின்னு போகக் கூடாதுன்னு முடிவு. வேடிக்கை பார்க்க மட்டும் போவேன். தினம் போவேன்.

அப்புறம் அவரே உட்கார்ந்தாரு. தனியா. கவர், ஹப், எல்லாத்தையும் கழட்டி வச்சுக்கிட்டு, ஒரு பக்கெட் தண்ணி, உப்புத்தாள் கட்டு. ஒண்ணு சொல்லணும், அவரு என்ன வேலை பார்த்தவருன்னு நெனக்கிறீங்க? கட்டட ஆபீஸ்ல வரைபடம் போடுறவரு. நாப்பது வருஷம். முடியை விட மெல்லிசா கோடு போட்ட கை. நான் சுவத்துல ஒரு படம் மாட்டினா, அரை நூல் சாஞ்சிருக்குன்னு சாப்பாட்டுல இருந்து எழுந்து வந்து நிமிர்த்துற ஆளு. அப்படிப்பட்டவரு தேய்ச்ச லட்சணத்தைப் பார்க்கணுமே. நடுவுல ஒரு உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் நல்லா வந்திருக்கும். சுத்தி ஓரம் பூரா மங்கல். போல்ட் ஓட்டையைச் சுத்தி, வளைவுக்கு அடியில, ஒண்ணுமே தொடல. தட்டுல நடுச்சோத்தை மட்டும் தின்னுட்டு எழுந்த மாதிரி. ஓரம் யாரு உங்க தம்பி வந்து தேய்ப்பாரான்னு கேட்டேன். தேய்ச்சேனேன்னாரு. எங்கங்க தேய்ச்சீங்க? தேய்ச்சேன்னா தேய்ச்சேன்தான்னு கோவிச்சுக்கிட்டாரு.

இதுல உப்புத்தாள் வேற. சொரசொரப்பானதுல ஆரம்பிச்சு நைஸுக்குப் போகணும். முந்நூத்து இருபது, நானூறு, அறுநூறு, எண்ணூறு, ஆயிரம்னு பின்னாடி நம்பர் போட்டிருக்கும்ல. சின்ன எழுத்துதான். இவரு அறுநூறு போட்டுட்டு அதுக்கு மேல முந்நூத்து இருபது போடுவாரு. பண்ணின வேலையைத் தானே கெடுத்துக்கறது. நம்பரைப் பாருங்கன்னா, எல்லாம் எனக்குத் தெரியும்பாரு. தெரிஞ்ச லட்சணம்! ரிட்டயர் ஆனதும் மனுஷனுக்குப் புத்தியும் சோம்பேறியாப் போச்சுன்னு நெனச்சேன். பொண்ணுக்குப் போன் போட்டுச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன். இன்னைக்கு உங்க அப்பா என்ன பண்ணாரு தெரியுமான்னு ஆரம்பிச்சா அரைமணி நேரம் ஓடும்.

ரெண்டு மாசம் இப்படி. ஒரு நாள் எல்லாத்தையும் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில போட்டு, மேல ஒரு சாக்கை மூடி, மாடிப்படிக்குக் கீழ தள்ளிட்டாரு. முடிஞ்சுதான்னு கேட்டேன். முடிஞ்சுதுன்னாரு.

எனக்கு எப்படி இருந்திருக்கும்! ஜெயிச்ச மாதிரி இருந்துச்சு. அடுத்த வாரமே ஆரம்பிச்சுட்டேன். பெயிண்டு கழட்டுற மருந்து வாங்கிட்டு வந்தேன், கையுறை போட்டுக்கிட்டேன், அது தோல்ல பட்டா எரிச்சல் உயிர் போகும். பழைய பிரஷ்ஷால தடவி அரைமணி நேரம் விட்டா, மிச்சமிருந்த பெயிண்டும் வார்னிஷும் ஒண்ணா ஆடையாட்டம் எழும்புச்சு. வழிச்சுப் போட்டேன். அப்புறம் தண்ணி போட்டு உப்புத்தாள். ஒரு நம்பர் இப்படி நீளவாக்குல, அடுத்த நம்பர் குறுக்குவாக்குல. ஏன்னு கேளுங்க. முந்தின தாள் போட்ட கோடு முழுசாப் போச்சான்னு அப்பத்தான் தெரியும். போகாம அடுத்த தாளைத் தொடக் கூடாது. இதுல அவசரப்பட்டவன் எவனும் உருப்பட்டதில்லை. ஆசிட் தின்ன குழியெல்லாம் இருந்துச்சே, அதுக்கு மட்டும் பதினோரு நாள். ஓரத்துக்கும் எழுத்து பொறிச்ச இடத்துக்கும் எங்க லேப்ல வச்சிருக்குற குட்டிக் கம்பளிச் சக்கரம். அங்க இப்ப இருக்குற பொண்ணுங்க நான் சொல்லிக் கொடுத்த பொண்ணுங்கதான், கேட்டதும் ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுத்துச்சுங்க. கேப்புக்குப் போடுற அதே பாலிஷ் கட்டிதான் தம்பி இதுக்கும் போட்டேன். பல்லு விளக்குற வேலைதான் இது. அச்சு அசல் அதேதான்.

மொதல்ல இடது பக்கக் கவர் முடிஞ்சுது. எப்படி இருந்துச்சுங்கறீங்க! ஜன்னல் கம்பி அதுல தெரியுது, கம்பியில உட்கார்ந்திருந்த ஈ தெரியுது. இதை அவருகிட்ட எப்படிக் காட்டணும்னு நான் ஒரு நாள் முழுக்க யோசிச்சேன்னா பாருங்க. சும்மா காட்டினா என்ன இருக்கு? மூஞ்சியில அடிச்ச மாதிரி இருக்க வேணாமா! அதனால சாப்பாட்டு மேஜையில, ஜன்னல் வெளிச்சம் விழுற இடத்துல, ரெண்டு கவரையும் பக்கத்துல பக்கத்துல வச்சேன். நான் முடிச்ச இடது. பொறுங்க பிறாண்டின வலது, அதை அப்ப நான் தொடவே இல்லை. காலையில அவரு குளிச்சுட்டு வந்ததும், வந்து பாருங்கன்னு கூப்பிட்டேன். இடுப்புல கை வச்சுக்கிட்டு நிக்கிறேன்.

வந்தாரு. மேஜையைத் தடவினாரு. வலது கவரை எடுத்தாரு.

பிறாண்டினதைத்தான் தம்பி. அதை எடுத்து, வெயிலுக்கு நேரா பிடிச்சு, இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, அடேயப்பா, கண்ணாடியாட்டம் பண்ணிட்டியேன்னாரு.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிடுச்சு. நாப்பது நாள் இடுப்பு ஒடிஞ்சிருக்கு எனக்கு, நக்கல் பண்றாரு பாருன்னு, வாயில வந்ததெல்லாம் சொல்லிக் கத்தினேன். கத்திக்கிட்டே மூஞ்சியைப் பார்க்குறேன், அதுல நக்கல் இல்லை. அப்ப அவரு கட்டைவிரல் கவர் மேல மெதுவா ஓடுச்சு. கீறல்ல பட்டுச்சு. நின்னுச்சு. தப்பானதை எடுத்துட்டோம்னு அவருக்கே அப்பத்தான் தெரியுது. சத்தம் வராம மேஜையில வச்சாரு. வச்சுட்டு, இன்னொண்ணு எங்க இருக்குன்னு கேட்டாரு. அது அவரு கைக்கு ஒரு ஜாண் தள்ளி இருக்கு.

கண் நரம்பு காய்ஞ்சுக்கிட்டே வருதாம். மொதல்ல ஓரம் போகுமாம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா நடுவுக்கு வருமாம். போனது திரும்பாது, இருக்கிறதைச் சொட்டு மருந்து போட்டுப் பிடிச்சு வச்சுக்கலாம்னு டாக்டர் சொல்லியிருக்காரு. எப்பங்க சொன்னாருன்னு கேட்டேன். வண்டியை வெளிய எடுத்ததுக்கு மொத நாளுன்னாரு. என் முன்னாடி உட்கார்ந்துதான் சொட்டு மருந்து போட்டுக்குவாரு. தூசின்னு சொல்லுவாரு, நானும் தூசின்னு நெனச்சுக்குவேன். ஏன் சொல்லலைன்னு கேட்டேன். சொன்னா நீ வண்டிகிட்டயே விட மாட்டியே, வாங்கின அன்னைக்கு இருந்த மாதிரி ஒரு தடவை ஆக்கிப் பார்த்துரலாம்னு நெனச்சேன், பார்க்க முடியும்போதேன்னாரு.

பாருங்க, முடி அளவு கோட்டைக் கண்டுபிடிக்கிற கண்ணு எனக்கு. ஊரே சொல்லும். ஒரே வீட்டுல, ஒரே மேஜையில, எதிர எதிர உட்கார்ந்து சாப்பிடுற மனுஷனுக்கு ஓரம் தெரியலைங்கறது தெரியல. மேதைங்கறேன் கொழுந்தனை. அவனாவது ஆசிட்டு, பெயிண்டோட நிறுத்தினான்.

அவரு எதுக்காக எல்லாத்தையும் தொட்டியில போட்டு மூடினாருன்னு நெனக்கிறீங்க? பொண்ணோட மாமியார் வீட்டுக்காரங்க வந்திருந்தாங்க அன்னைக்கு. ஆறு பேரு. நான் அவரு தேய்ச்ச ஹப்பைக் கையில எடுத்துட்டு வந்து கூடத்துல எல்லாருக்கும் காட்டி, கண்ணு தெரியாதவன் தடவிக்கிட்டே பண்ணாக்கூட இதைவிட நல்லா வரும்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவரும் கூடச் சிரிச்சாரு. சிரிச்சுக்கிட்டே வந்து என் கையில இருந்து அதை வாங்கிக்கிட்டாரு.

ம். அது கிடக்கட்டும்.

வலது கவரையும் முடிச்சேன், ஃபோர்க், ஹப்பு எல்லாம் முடிச்சேன். தினம் பக்கத்துல நாற்காலி போட்டு உட்காருவாரு. வெயில்ல எல்லாம் அவருக்கு ஒரே வெள்ளையாத் தெரியுதாம், அதனால வெளிச்சம் மட்டா இருக்குற பக்கமா கிட்டக்க கொண்டு போயி, ஒரு உள்ளங்கை அளவா நகர்த்தி நகர்த்திக் காட்டுவேன். பார்த்துட்டாரு. மொத்தமாப் பார்த்தாருன்னு சொல்ல முடியாது, துண்டு துண்டாப் பார்த்தாரு. எல்லாத்தையும் மாட்டி இன்ஜினை ஓட விட்ட அன்னைக்கு, விளம்பரம் கொடுத்துருன்னு அவர்தான் சொன்னாரு. ஓடுற வண்டி நிக்கக் கூடாதாம். நான் விக்க வேணாம்னுதான் சொன்னேன். கேட்கிற ஆளா!

இது இந்த வீட்டை விட்டு வெளிய யாருக்கும் தெரியாது. மேதைக்குத் தெரியாது, பொண்ணுக்கே நேத்துதான் சொன்னேன். உங்ககிட்ட ஏன் இவ்வளவும் அளக்குறேன்னா... இருங்க, கதவு சத்தம் கேட்குது, வர்றாரு. சீக்கிரமாச் சொல்லிடுறேன். ஏன் விக்கிறீங்கன்னு நீங்களா கேட்காதீங்க. முட்டி வலி, உதைச்சு ஸ்டார்ட் பண்ண முடியலைன்னு அவரே சொல்லுவாரு, அப்படிங்களான்னு கேட்டுக்கோங்க. இந்த ரெண்டு படி இறங்கினதும் வணக்கம்னு சொல்லிக் கையை நீட்டுவாரு. நீட்டுற பக்கம் நீங்க இருக்க மாட்டீங்க. போன வாரம் வந்த ஆளு போனைப் பார்த்துக்கிட்டே நின்னாரு, இவரு கை அப்படியே அந்தரத்துல நின்னுச்சு தம்பி, நான் சமையல் ரூம்ல இருந்து பார்க்குறேன், நின்னுக்கிட்டே இருந்துச்சு. நீங்க அதைப் போயி பிடிச்சுக்கணும். வேற ஒண்ணும் வேணாம்.

எழுந்திருங்க. இன்னும் கொஞ்சம் இடது பக்கமா வாங்க.